எல்ஸுக்குக் கீழே ஒரு மஞ்சள் கூடை

என் கைப்பைக்குள் மூன்று வாரமாக ஒரு தாள் கிடந்தது. அலுவலகத்தில் கொடுத்த படிவம். அதில் ஒரே ஒரு கேள்விதான்: 'இருபது கிலோ எடையைத் தனியாகத் தூக்க முடியுமா?' பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம். இல்லை. 'இல்லை'யில் டிக் அடித்தால் உடல் தகுதி போதாது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 'ஆம்' என்று அடித்தால் பச்சைப் பொய். என் முதுகுத் தண்டைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "உங்களுக்கு பத்து கிலோவே ஜாஸ்திம்மா" என்று சொல்லி ஆறு மாதம் ஆகிறது.

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் எங்களுடையது. அதில் பத்தொன்பது வருடமாகப் பிரிப்பு மேசையில் நிற்கிறேன். நாலு மருத்துவமனையின் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மூட்டையைத் தூக்கி மேசையில் கொட்டி, எது எந்த இயந்திரத்துக்கு என்று பிரித்துத் தள்ள வேண்டும். இரத்தக் கறை இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீர், இரண்டாம் நம்பர் இயந்திரம். கறை இல்லையென்றால் நேராகக் கொதிக்கிற தண்ணீர், நாலாம் நம்பர். இரத்தம் பட்ட துணியை வெந்நீரில் போட்டுவிட்டால் கறை துணியோடு சேர்ந்து வெந்துவிடும். பிறகு ஆண்டவனே வந்து தேய்த்தாலும் போகாது.

மேசையில் எனக்கு வெடியக்கா என்று பெயர். காரணம் கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

படிவம் வந்த சமயத்தில் ஒரு வகுப்பும் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. பிரிப்பு மேசையின் முனையில் ஒரு கம்ப்யூட்டர் வைக்கப் போகிறார்கள். துணி பிரிக்கிறவர் அது கேட்கிற கேள்விக்குப் பதில் அடித்தால் எந்த இயந்திரம் என்று அதுவே சொல்லும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் நாற்காலியில் உட்கார வேண்டும். வேலை முடிந்ததும் கேன்டீனில் ஆறு வாரம் புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தக் கேள்வி பதிலை எழுதுவதுதான் கடைசிப் பயிற்சி. அதில் தேறுகிறவருக்கு நாற்காலி. யாரும் தேறாவிட்டால் தலைமை அலுவலகம் வெளியிலிருந்து ஆள் அனுப்பும். மேனேஜர் இப்படித்தான் அறிவித்தார். மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று எப்போதும் இரண்டு கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கண்ணாடி சார்.

நாற்காலி என்ற சொல்லைக் கேட்டதும் மற்றதெல்லாம் எனக்குக் காதில் விழவில்லை. தூக்க வேண்டாத வேலை. பாதியில் படிவம் வந்தபோது, நாற்காலி கிடைத்துவிட்டால் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடலாம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பதினொரு பேர் சேர்ந்தோம். என் நாத்தனாரும் சேர்ந்தாள். என் கணவரின் தங்கை. என்னோடு அதே மேசையில் நிற்கிறவள். இரண்டாம் வாரமே, "அண்ணி, இது எனக்குத் தலைய சுத்துது. நம்ம குடும்பத்துக்கு ஒரு மேதாவி போதும்" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஐந்தாம் வாரம் நான் ஒருத்திதான்.

முதல் நாள் டீச்சர் சொன்னார்: "இஃப்னா 'அப்படின்னா'. எல்ஸ்னா 'இல்லைன்னா'. அவ்வளவுதான் அக்கா. மீதியெல்லாம் இதுக்குள்ளதான்." எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் பொழுது விடிந்ததிலிருந்து நான் பேசுவதே அதுதானே. எழுந்து பல் தேய்த்தால் காபி, இல்லையென்றால் பச்சைத் தண்ணீர்.

சிரிப்பு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. இஃப், எல்ஸ் வரி முடிவில் இரண்டு புள்ளி வைக்காவிட்டால் கம்ப்யூட்டருக்குக் கோபம். மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால் கோபம். இஃப்பும் எல்ஸும் ஓரகத்திகள் மாதிரி சரிசமமாக நிற்க வேண்டும். அவரவர் சாமான் அவரவருக்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். ஒரு இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் திட்டும். என்னைத் திட்டுகிற பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. நானும் திருப்பித் திட்டினேன். டீச்சர் மிரண்டுபோய், "அக்கா, எந்த வரியில தப்புன்னு அதுலயே இருக்கு பாருங்க. அந்த வரிய மட்டும் பாருங்க" என்றார். முகவரி போட்டுத் திட்டுகிறது என்று தெரிந்ததும் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

நாலாம் வாரம் எண்கள். ஆளிடம் வயதைக் கேட்டு, பதினெட்டுக்கு மேலா கீழா என்று சொல்லும் பயிற்சி. நான் வயதைக் கேட்கவில்லை, கிலோவைக் கேட்டேன். இருபதுக்கு மேல் அடித்தால் 'நீயே தூக்கு' என்று திரையில் வரும்படி எழுதினேன். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மனசு குளிர்ந்தது.

தினமும் ஒரு மணி நேரம் முன்னால் வந்து கேன்டீனில் உட்கார்ந்தேன். மதியம் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் கிடைக்காத நேரத்தில் பழைய மூட்டைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிப் பார்த்தேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி நகராவிட்டால் நான் நகர வேண்டியிருக்கும். ஆறாம் வாரம் என் புரோகிராம் ஓடியது. கறை இருக்கிறதா என்று கேட்கும். 'ஆம்' என்றால் இரண்டாம் நம்பர். எல்ஸ், நாலாம் நம்பர். எட்டே வரி. எட்டுப் பிள்ளை பெற்ற பெருமை எனக்கு.

வெள்ளிக்கிழமை பரீட்சை. பிரிப்பு மேசை முனையில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். கண்ணாடி சார் ஒரு பக்கம், டீச்சர் மறு பக்கம். "மேசைல நிக்கிறவங்க யாராவது வந்து அடிச்சுப் பார்க்கட்டும்" என்றார் சார். என் நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சொந்தக்காரி வந்துவிட்டாள், காரியம் பழம் என்று நினைத்தேன்.

அவள் மூட்டையிலிருந்து ஒரு விரிப்பை உருவினாள். ஓரத்தில் பழுப்பாக ஒரு தடம், கட்டைவிரல் அகலம். 'இரத்தக் கறை இருக்கிறதா? ஆம் / இல்லை' என்று திரை கேட்டது. அவள் விரிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். 'கொஞ்சம்.'

'கொதி தண்ணீர். இயந்திரம் 4' என்றது திரை.

கண்ணாடி சார் நெற்றிக் கண்ணாடியையும் மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். "கறை இருக்குங்கறாங்க, இது கொதி தண்ணிங்குதே?" டீச்சர் மெல்ல விளக்கினார். 'ஆம்' என்ற அந்தச் சொல் அப்படியே வந்தால்தான் இரண்டாம் நம்பர். வேறு எதை அடித்தாலும் எல்ஸ் பக்கம் போய்விழும். சார் என்னைப் பார்த்தார். "இத நம்பி துணியப் போட முடியாதும்மா. திங்கக்கிழமை ஹெட் ஆபீஸ் ஆள் வர்றார். நாளைக்கு மதியம் வரைக்கும் டைம் தர்றேன். அதுக்கு மேல என் கையில இல்ல." பாராட்டை வாங்க நிமிர்ந்து நின்ற எனக்கு முகம் காய்ந்து போயிற்று.

உடை மாற்றும் அறைக்குள் அவள் நுழைந்ததும் கதவைச் சாத்தினேன்.

"உனக்கு என்ன கேடு? ஆம்னு ரெண்டு எழுத்து அடிச்சா விரல் தேஞ்சா போயிரும்?"

"கறை கொஞ்சமாத்தானே அண்ணி இருந்துச்சு."

"கொஞ்சம்னாலும் ஆம்தானே!"

"அது இரத்தமா, ஏதாவது மருந்தான்னே தெரியல. மேசைல அப்படி வந்தா நாம என்ன செய்வோம்? மஞ்சள் கூடைல போடுவோம். உங்க புரோகிராம்ல மஞ்சள் கூடையையே காணோமே. நான் எங்க போடறது?"

அந்த மஞ்சள் கூடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் விதிப்படி மேசைக்கு இரண்டே வண்டிகள், கறைக்குச் சிவப்பு ஒன்று, கறை இல்லாததற்கு வெள்ளை ஒன்று. ஆனால் துணி விதியைப் படித்துவிட்டா வருகிறது? பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு முறை அவசரத்தில் வெள்ளையில் தள்ளிய துணி வெந்துபோய், ஒரு வண்டி போர்வை நாசமானது. மறுநாளே நான் வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் வைத்தேன். சந்தேகமானதெல்லாம் அதில். சாயங்காலம் இரண்டு பேர் கையால் எடுத்து, பார்த்து, முகர்ந்து, அப்புறம்தான் இயந்திரம். புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் நான் முதலில் சொல்வதே, சந்தேகம்னா மஞ்சள் என்பதுதான். ஆனால் விதியில் இல்லாத கூடை. மேலதிகாரி வருகிற சத்தம் கேட்டால் காலால் உள்ளே தள்ளி, மேலே ஒரு விரிப்பைப் போட்டு மூடிவிடுவோம். பதினொரு வருடப் பழக்கம்.

அந்தப் பழக்கத்தில்தான் புரோகிராமிலும் கூடையைக் காலால் உள்ளே தள்ளியிருக்கிறேன். கண்ணாடி சார் படிப்பார், அதனால் அதை எழுதக் கூடாது என்று என் கை தானாக முடிவு செய்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை.

"நான் ஆம்னு அடிச்சிருந்தா இன்னிக்கு நீங்க பாஸ்" என்றாள் அவள். "அடுத்த வாரம் வேற ஒருத்தி கொஞ்சம்னு அடிப்பா, இன்னொருத்தி தெரியலன்னு அடிப்பா. துணியெல்லாம் வெந்து போகும். அப்ப உங்கள நாற்காலியோட சேர்த்துத் தூக்கி வெளிய வைப்பாங்க. உங்க முதுகக் காப்பாத்தத்தானே நான் வருஷம் பூரா..." சட்டென்று நிறுத்திக்கொண்டு திரும்பி நின்று வேலைச் சட்டையைக் கழற்றினாள்.

தோளில் இரண்டு பக்கமும் வலி நிவாரணப் பட்டை ஒட்டியிருந்தது. ஒன்று புதிது, ஒன்று ஓரம் சுருண்ட பழசு.

இந்த ஒரு வருடமாக என் பக்கம் வர வேண்டிய பெரிய மூட்டைகள் எப்படியோ அவள் பக்கம் போய்விடும். வண்டி தள்ளுகிறவர் கவனமில்லாதவர் என்று நினைத்திருந்தேன். அவரைத் திட்டக்கூடச் செய்திருக்கிறேன்.

"எத்தன நாளா?" என்றேன்.

"அண்ணன்கிட்ட சொல்லிறாதீங்க. கத்தும்."

அன்றைக்கு வெடி நமுத்துப் போயிற்று. அவள் முதுகுப் பக்கம் நின்று, அந்தப் பழைய பட்டையை மெல்ல உரித்து எடுத்துப் புதிது ஒட்டினேன். வேறென்ன செய்ய? அழுதால் அவள் கேலி செய்வாள். என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நாற்காலி எனக்கு மட்டுமான காரியம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் உட்கார்ந்தால்தான் இவள் தோள் ஆறும்.

சனிக்கிழமை வேலை தொடங்கும் முன்னால் மேசைக்காரிகள் எல்லாரையும் நிறுத்திக் கேட்டேன். கூடையைப் பற்றிச் சார்கிட்ட சொல்லிடலாமா? எல்லாரும் மாட்டிக்கொள்ளக்கூடிய விஷயம். நாத்தனார்தான் பதில் சொன்னாள். "வெளியிலேருந்து எவளாவது வந்து உட்கார்ந்தா கூடை தானா போயிரும். சொல்லுங்க அண்ணி." மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

கேன்டீனுக்கு ஓடினேன். எல்ஸ் என்பது குப்பைத் தொட்டி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இஃப் 'ஆம்', இரண்டாம் நம்பர். அடுத்து எலிஃப் என்று ஒன்று உண்டு. 'அது இல்லை, இப்படின்னா' என்று பொருள். எலிஃப் 'இல்லை', நாலாம் நம்பர். கடைசியில் எல்ஸ். அதற்குக் கீழே உள்ளே தள்ளி எழுதினேன்: 'மஞ்சள் கூடை. கையால் பார்க்கவும்.' ஓட்டினேன். சிவப்பில் திட்டியது. இரண்டு புள்ளி. போட்டேன். திட்டியது. இடைவெளி. சரி செய்தேன். மறுபடி திட்டியது. திட்டட்டும்; என் மாமியார் திட்டாத திட்டா? பத்தரை மணிக்கு ஓடியது. 'கொஞ்சம்' என்று அடித்தேன். மஞ்சள் கூடை என்றது. என்னையறியாமல் மேசையைத் தட்டியதில் டீச்சரின் தேநீர் கவிழ்ந்தது.

மதியம் கண்ணாடி சார் தாமே உட்கார்ந்தார். இந்த முறை அவர்தான் அடிப்பாராம். 'ஆம்' அடித்தார். இரண்டாம் நம்பர். 'இல்லை' அடித்தார். நாலாம் நம்பர். 'ம்' என்று அடித்தார். மஞ்சள் கூடை. ஒன்றுமே அடிக்காமல் வெறும் பொத்தானை மட்டும் அழுத்தினார். மஞ்சள் கூடை. கடைசியில் தன் பெயரை அடித்தார். மஞ்சள் கூடை. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது என்னம்மா மஞ்சள் கூடை? நம்மகிட்ட அப்படி ஒண்ணு இல்லையே."

குனிய முடியாத முதுகோடு குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து கூடையை இழுத்து அவர் காலடியில் வைத்தேன். அதில் அன்று காலைத் துணி ஏழு கிடந்தது.

"எத்தன வருஷமா?"

"பதினொண்ணு."

"விதியில இல்லையே."

"விதியில இருக்கற ரெண்டு வண்டிய மட்டும் நம்பித்தான் சார் அப்ப ஒரு வண்டி போர்வை வெந்துச்சு. அதுக்கப்புறம் இந்த மேசைலேருந்து வெந்து போன துணின்னு ஒண்ணு உங்ககிட்ட வந்திருக்கா?"

அவர் கூடையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து, கண்ணாடியை மேலும் கீழும் மாற்றி வெகு நேரம் பார்த்தார். இரத்தமா இல்லையா என்று அவருக்கும் தெரியவில்லை. உறையைத் திரும்பக் கூடையிலேயே போட்டார்.

"சரி. நாற்காலி உங்களுக்குத்தான். கூடைய அடியில வைக்காதீங்க, மேலயே இருக்கட்டும்."

மேசை முழுக்கக் கைதட்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அவர் திரும்பி, "அந்தப் படிவம் இன்னும் வரலையே. நாற்காலி வேலையா இருந்தாலும் எல்லாரும் கொடுக்கணும். இன்னிக்குக் கடைசி நாள்" என்றார்.

கைதட்டல் நின்றது. கிழித்துப் போடலாம் என்று நான் கட்டிய கோட்டை இடிந்து விழுந்தது. "இல்லைன்னு போட்டா?" என்றேன்.

"சிஸ்டம் எடுத்துக்கும். எடுத்துட்டு..." அவர் முடிக்கவில்லை. "ஆம்னு போட்டுருங்களேன். யார் வந்து மூட்டையக் கொடுத்துப் பார்க்கப் போறாங்க?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். அவள் தோள் எனக்கு நினைவு வந்தது. நேற்று அவள் நினைத்திருந்தால் ஆம் என்று அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

கைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். மூன்று வாரத்தில் மடிப்பெல்லாம் நைந்திருந்தது. மேசைமேல் வைத்து நீவினேன். இரண்டு கட்டத்தையும் தொடவில்லை. அவற்றுக்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு டிக் அடித்து, பக்கத்தில் எழுதினேன்: 'தூக்க முடியாது. பிரிக்கத் தெரியும். எழுதத் தெரியும். கையால் பார்க்கவும்.'

"ரெண்டு கட்டம்தாம்மா இருக்கு. மூணாவத சிஸ்டம் படிக்காது."

"என் புரோகிராமும் நேத்து படிக்கல சார். நீங்க என்னை ஃபெயில் பண்ணீங்க."

சொல்லிவிட்டு எனக்கே பயம் வந்தது. நாக்கில் சனி என்று என் கணவர் சொல்வது சும்மா இல்லை. கண்ணாடி சார் தாளைக் கையில் எடுத்தார். பிறகு படிவங்கள் போடும் பெட்டியில் போடாமல், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை அவர் வர்றப்ப நானே கையில கொடுக்கறேன். என்ன சொல்வார்னு தெரியாது." ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் நான் எரிந்து விழாத ஆள் இல்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தாள் திரும்பி வந்தது. என் கட்டத்துக்குப் பக்கத்தில் யாரோ நீல மையில் எழுதியிருந்தார்கள்: 'பார்த்தேன். நாற்காலி வேலை. எடை தூக்கக் கூடாது.' கீழே ஹெட் ஆபீஸ் ஆளின் கையெழுத்து. நான்கு முறை படித்தேன். ஐந்தாம் முறை கண் மறைத்துவிட்டது. மேசையில் எல்லார் முன்னாலும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் மூட்டையை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவள் என் நாத்தனார்தான். திரை முதலில் வேறொரு கேள்வியைக் கேட்டது. 'மூட்டை எத்தனை கிலோ?'

"இது எப்ப வந்துச்சு?" என்றாள்.

"காலைல. அடி."

சீட்டைப் பார்த்து 27 என்று அடித்தாள். திரை சொன்னது: 'தனியாகத் தூக்காதே. இரண்டு பேர்.'

அவள் அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். தோளைத் தடவிக்கொண்டு மூட்டையைத் தரையில் இறக்கினாள்.

"ரெண்டாவது ஆளுக்கு எங்க போறது? நீங்க எந்திரிக்கக் கூடாதே அண்ணி."

"இந்தத் திரையில இருக்கறது இனிமே விதி. சாரக் கூப்பிடு."

கண்ணாடி சார் வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு கண்ணாடியையும் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு மூட்டையின் மறு முனையைப் பிடித்தார்.